எட்டு மணிக்கு எங்கள் முறை

பதினான்கு மாதச் சீட்டு.
வீட்டுக்கு இரண்டாயிரம் ராண்ட், நோட்டு என்னிடம்.
வெள்ளத்தில் தொழிற்சாலை மூழ்கியபின்
சதாசிவன் இரண்டு மாதம் கட்டவில்லை.
என் கணவர் கட்டினார்.
எனக்குத் தெரியாது என்று
இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.
கணக்கு எழுதுகிறவளிடமா?

டர்பன் துறைமுகத்தில் பதினொரு பேர்,
பத்தொன்பது பெட்டி.
ரூபியின் பெட்டியை எக்ஸ்ரே இரண்டு தரம் விழுங்கித் துப்பியது.
"இது என்ன அம்மா?"
"மாங்காய் ஊறுகாய்."
"மூன்று போத்தலா?"
"நான்கு நாள்" என்றாள் ரூபி.
அதற்குமேல் கேட்க அந்தப் பையனுக்கு வயது போதவில்லை.

மலிவான அறை, கப்பலின் உள்வயிற்றில்.
ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் திரைச்சீலை,
விலக்கினால் சுவர்.
என் கணவர் தினமும் காலையில் விலக்கினார்.

விளம்பரத்தில் அந்தத் தீவு
வெள்ளை மணல், சாய்ந்த மரம், குடைக்கடியில் ஒரு ஜோடிக் கால்கள்.
நேரில் அது ஒரு கோடு.
கேப்டன் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டார்:
அலை மூன்று மீட்டர், படகு இறக்க முடியாது.
புது நீச்சலுடை, விலைச்சீட்டைக்கூட அறுக்கவில்லை,
லோகேஸ்வரி அந்தக் கோட்டுக்கு முதுகு காட்டிப்
படம் எடுத்துக்கொண்டாள்.
பிறகு வாந்தி எடுத்தாள்.

அன்றிரவு நான்காவது கோப்பையில்
பார்த்திபன் பேச்சாளர் ஆனான்.
"நூற்றறுபது வருஷத்துக்கு முன்னால்
நம்ம ஆட்கள் இதே கடலில்..."
"அவர்களுக்கு பஃபே இல்லை" என்றாள் ரூபி.
"நமக்கு இருக்கிறது. பத்து மணிக்கு மூடிவிடுவான். எழுந்திரு."
எழுந்தான்.
கறியில் உப்புமில்லை, உறைப்புமில்லை.
மூன்று போத்தலும் மேசை மேசையாகப் போயின.
புளூம்ஃபொன்டைனிலிருந்து வந்த வெள்ளைக்காரத் தம்பதி
கண்ணில் நீர் வழிய
இன்னும் ஒரு கரண்டி கேட்டார்கள்.

தீவு இல்லாததால் சீக்கிரமே திரும்பியாயிற்று.
துறைக்குள் இடமில்லை, விடியட்டும் என்றார்கள்.
வெளியே, சரக்குக் கப்பல்களோடு வரிசையில் நின்றோம்.
மேல்தளத்தில் நீச்சல்குளத்துக்கு
நீலம், பச்சை, ஊதா விளக்கு.
எதிரே கரை.
இவ்வளவு காசு கட்டி ஊரைவிட்டு வந்தவர்கள்
குளத்தைப் பார்க்கவில்லை, ஆட்டத்தைப் பார்க்கவில்லை,
கம்பியில் சாய்ந்து ஊரைத் தேடினோம்.
"அது பிளஃப். இந்தப் பக்கம் வா.
அந்தச் சிவப்பு இருக்கே, அதற்கும் இந்தண்டை...
இசிபிங்கோ!"
"நம்ம தெருவா?"
"நம்ம தெருதான்."
யாருக்கும் தெரியாது. எல்லோரும் பார்த்தோம்.

கைபேசியில் அட்டவணை பார்த்த டேஷன்
"எட்டு மணி, நம்ம முறை" என்றான்.
சொல்லி வாய் மூடவில்லை,
துணி மடிப்பதுபோல் ஒரு மூலையிலிருந்து
இருண்டது: குன்று, கடைத்தெரு, ரயில் பக்கம்.
உள்ளே உட்கார்ந்து எத்தனை இரவு
அந்த இருட்டைத் திட்டியிருக்கிறேன்,
வெளியிலிருந்து பார்த்ததில்லை.
கட்டைவிரலால் மறைத்துவிடலாம்.
எங்கள் தலைக்குமேல் ஆயிரம் பல்பு.
முதுகுக்குப் பின்னால் டிரம்பெட்.

கரை பக்கம் என்பதால் கைபேசிக்கு உயிர் வந்தது.
சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு நொம்புசோ:
"மத்தியானமும் போச்சு, இப்பவும் போச்சு.
நாய் சாப்பிட்டது.
உங்கள் ஃப்ரீசரில் மீன் இளகுகிறது, என்ன செய்ய?"
சமைத்துவிடு, என்று எழுதினேன்.
"எல்லாவற்றையுமா?"
எல்லாவற்றையும்.

சதாசிவன் பக்கத்தில் வந்து நின்றான்.
"அந்த இரண்டு மாதம், அக்கா..."
"நோட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது" என்றேன்.
காற்று பலமாக இருந்தது.
கேட்டானா தெரியவில்லை.

அப்போது அந்தக் கறுப்புக்குள் ஒரு வெளிச்சம் நகர்ந்தது.
"நொம்புசோ ஆன்ட்டி!" என்று கத்தினாள் கெரிஷா.
காராக இருக்கும்.
இரவில் தூண்டில் போடுகிறவனாக இருக்கும்.
பதினொரு பேரும் கைகாட்டினோம்,
சதாசிவன் இரண்டு கையாலும்.