கறுப்பு ஒயர்

கிரிம்ஸ்பியில் அந்தம்மா கராஜைத் திறந்தபோது
காரின் மேல் ஒரு கூடாரமும்
கிறிஸ்துமஸ் மரப் பெட்டிகள் இரண்டும் கிடந்தன.
"எண்பத்துநாலில் நெவில் வாங்கியது.
பெட்டி பெட்டியாக வந்தது. சேர்க்க ஆறு வருஷம்.
இருட்டில் மட்டும் ஓட்டமாட்டார்.
வெளிச்சம் சாய்வதற்குள் வீட்டில் இருப்பார்,
கோழி மாதிரி."
சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை.
எழுநூறு பவுண்டு. இழுவை வண்டிக்குத் தனி.

இப்போது அது
வாஷிங் மெஷினுக்கும் ராட்னியின் சைக்கிளுக்கும் நடுவே,
என் இடுப்பைக்கூட எட்டாத மஞ்சள் உடம்பு.
எஞ்சின் செத்துப்போன எஸ்கார்ட்டுடையது.
கைப்பிடிகள் ஏதோ வேனுடையவை.
பின்விளக்குகள் யாருடையவையோ.
டேஷ்போர்டை உருவினேன்:
சிவப்பு. சிவப்பு. அதற்குப் பின்னாலும் சிவப்பு.
மனிதருக்கு ஒரே சுருள் ஒயர்தான் வாய்த்திருக்கிறது.
ஒட்டிய காகித நாடாக்களில் பென்சில் எழுத்து:
ஹாரன்.
ஹாரன்?
இது இல்லை.

பகலில் பல் டாக்டரிடம் வருவோருக்கு நேரம் குறித்துக்கொடுப்பவள் நான்.
நவம்பர் முழுக்க மாலைகளில்
இருக்கையில் கால், பெடல்களுக்கடியில் முகம் என
வௌவாலாய்த் தொங்கினேன்.
உள்ளங்கையில் கண்ணாடி நார் ஏறி
தூக்கத்திலும் அரித்தது.
சாப்பாட்டு மேசையில் புதிய ஒயர்களைக் கட்டினேன், நிறம் பார்த்து:
எப்போதும் உயிரோடிருப்பதற்குப் பழுப்பு,
சாவி திருப்பினால் விழிப்பதற்கு வெள்ளை.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் மேசையைத் திருப்பிக் கேட்டான் ராட்னி.
பின்பக்கத்தை மட்டும்
நெவில் விட்டபடியே விட்டிருந்தேன். சோம்பல்தான்.

பேட்டரி மாட்டி, பிரேக்கை மிதித்தேன்.
"என்ன எரியுது?"
"இடது இண்டிகேட்டர்.
லேசா. வெட்கப்படுற மாதிரி."

படுத்துப் பார்த்தால்,
விளக்கின் எர்த்தை உடம்பிலேயே முடுக்கியிருக்கிறார்.
பித்தளைத் திருகாணி, நேர்த்தியான வேலை.
இரும்புக் காரென்றால் சரி.
இது நாரும் பிசினும்.
விளக்கு வரை வந்த மின்சாரம்
திரும்பிப்போக வழி தெரியாமல்
பக்கத்து விளக்கின் கதவைத் தட்டியிருக்கிறது.

பாவம், தெரியவில்லை அவருக்கு என்று
அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.
மறுநாள் இருக்கையைக் கழற்றினால்
அடியில் ஒரு பிஸ்கட் டின்.
உள்ளே முதலைக் கிளிப் பூட்டிய ஒயர்கள்,
நான்கும் கறுப்பு,
ஒவ்வொன்றும் பேட்டரி வரை எட்டும் நீளம்.
மூடியில் அதே பென்சில்:
சோதனை நாளுக்கு.

வருஷத்தில் ஒருநாள் கவ்வவைத்து
முத்திரை வாங்கி
வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுவார் போல.
எங்கே தப்பென்று தெரிந்திருக்கிறது.
நான்கு திருகாணி, ஒரு மத்தியான வேலை.
ஏன் செய்யவில்லை?
ராட்னி, "செய்யத் தோணியிருக்காது" என்றான்.
எனக்கு அப்படித் தோன்றவில்லை.
எனக்கு என்ன தோன்றியதென்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.
ஆறு மணிக்கு வீட்டில் இருந்தாக வேண்டும் என்பதற்கு
ஒரு மனிதனுக்கு
வேறு காரணம் கைவசம் இல்லாமல் இருந்திருக்கலாம்.

எனக்கு ஒரு மத்தியானம் போதவில்லை. மூன்று ஆனது.

டிசம்பர், நாலு மணிக்கே இருட்டு.
கூரை இல்லாத காரில் லவுத் சாலையில் போனோம்,
ராட்னியின் மூக்கு நீலம்.
வேலியோரம் ஒரு முயல்
வெளிச்சத்தைப் பார்த்தபடி நின்றது, நகரவில்லை.
பிரேக்கை மிதித்தேன்.
பின்னால் சாலை சிவந்தது,
இரண்டு பக்கமும், முழுசாக.

ரசீதில் அந்தம்மாவின் நம்பர் இருக்கிறது.
இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன்.
டின்னை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்,
கிளிப்புகளோடு.
வைப்பர்தான் இன்னும்
ஹாரன் அடித்தால் ஒருமுறை அசைகிறது.