வாடகைக்கு ஐயாயிரம் பேர்

ஓல்டன் ஸ்டேஷன் மாடி கஃபேயில்
தரகர் ஹூர்லிமன் மடிக்கணினியைத்
தன் பக்கமே திருப்பி வைத்திருந்தார்.
எனக்குக் காட்டியது விலை மட்டும்:
ஆயிரம் பேருக்கு நூற்றெண்பது பிராங்க்.
ஐயாயிரத்துக்குக் குறைய வாடகைக்கு இல்லை.

பெயர்களைப் பார்க்கலாமா என்றேன்.
பட்டியல் சொந்தக்காரரை விட்டு வெளியே வராது.
உங்கள் கடிதத்தை அவரே அனுப்புவார்,
ஒரு தரம். ஒரே தரம்.
பதில் எழுதுகிறவர் மட்டும் உங்களவர்.

துண்டுக்கடியில் விரல் பிடித்து
மாட்டுக்கு விலை பேசுவார்களாம்,
கேள்விப்பட்டதுதான்.
அங்கே துண்டு மறைத்தது விலையை.
மாடு எல்லோரும் பார்க்க
வாலை ஆட்டிக்கொண்டு நின்றிருக்கும்.
இங்கே விலை வெளியே,
மாடு துண்டுக்குள்.

"எல்லோரும் சம்மதித்தவர்கள்" என்றார்.
எதற்குச் சம்மதித்தார்கள்?
மலைச் சைக்கிள் குலுக்கல் ஒன்றில்
பெயர் எழுதியபோது கீழே ஒரு சின்னப் பெட்டி:
எங்கள் கூட்டாளிகளின் செய்திகளும் வரலாம்.
சரி போட்டார்கள்.
பிறகு மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தட்டி
இன்னொரு தரம் ஆம் என்றார்கள்.
சைக்கிள் யாருக்கு விழுந்தது?
அது அவருக்குத் தெரியாது.
கிடைக்காத அந்த ஒரு சைக்கிளில்
ஐயாயிரம் பேரும் தொற்றிக்கொண்டு
என்னை நோக்கி மிதித்து வருவதாக நினைத்தேன்.

நானும்தான் எத்தனை பெட்டியில் போட்டிருக்கிறேன்.
பல் வைத்தியரிடம், கடை அட்டைக்கு, தொலைபேசி மாற்றியபோது.
வாசித்து முடிக்காத ஜெர்மனுக்குக் கீழே
எல்லாவற்றுக்கும் ஆம்.

வறுக்கும் மெஷினுக்குச் சேர்த்த காசில்
தொள்ளாயிரம் போனது.
மல்லி, சுக்கு, மிளகு சேர்த்த கோப்பித்தூள்,
இருநூற்றைம்பது கிராம் பொதி என்று
கடிதம் எழுதினேன். யசோ இலக்கணம் திருத்தினாள்.
'அன்புள்ள' என்ற சொல்லுக்குப் பின்னால்
இடம் விடச் சொல்லியிருந்தார்கள்.
அந்த வெற்றிடத்தைத்தான்
கூட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய் காலை பத்து மணிக்குப் போனது.
முப்பத்தொரு பேர் இனி வேண்டாம் என்றார்கள்.
என் முகவரியை உனக்கு யார் தந்தது என்று
ஒருவர் கோபமாய் எழுதினார்.
ஐயா, உங்கள் முகவரி
நீங்கள் எழுதும்வரை எனக்குத் தெரியாது
என்று பதில் போட்டேன். நம்பியிருக்க மாட்டார்.

ஓர்டர் நாலு.
அதில் ஒன்று ஆராவிலிருந்து,
எல்ஸ்பெத் ரிண்ட்லிஸ்பாகர், இரண்டு பொதி.
சந்தோசத்தில் தரகருக்கு அடித்தேன்.
பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமில்லை.

அப்படி ஒரு பெண் இல்லை என்றார்.
வாடகைக்கு எடுத்தவர் களவாய்
இரண்டாம் தரம் பாவித்தால் பிடிப்பதற்கு
பட்டியலுக்குள் சொந்தக்காரர் விதைத்த பெயர்.
அவள் பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கென்றே
சம்பளத்துக்கு ஓர் ஆள் இருக்குமாம்.

வெருளி வந்து நெல் விலை கேட்குமா?
ஆனால் காசு வந்துவிட்டது.
முகவரியும் சரி: அலுவலகக் கட்டடம், மூன்றாம் மாடி.
அனுப்பினேன். பொதிக்குள்
எப்படிக் காய்ச்சுவது என்று ஒரு துண்டும் வைத்தேன்.
அதில் 'அன்புள்ள எல்ஸ்பெத்' என்று
நானே கையால் எழுதினேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு ஹூர்லிமன் கேட்டார்,
உங்கள் பட்டியல் இப்போது எவ்வளவு?
ஆயிரமானதும் சொல்லுங்கள்,
நல்ல விலைக்கு விடலாம்.

நாலு பேர், சொன்னேன்.
மூன்று பேரிடமிருந்து பிறகு சத்தமில்லை.
மற்றவள் பிறக்கவேயில்லை.
அவளுக்குத்தான் கோப்பி முடிந்துவிட்டதாம்.