நாற்பத்து நான்காம் எண்

அரவேனு ஃபேக்டரியில் இரவு ஷிப்டு என்றால்
கொழுந்து வாடுவதற்குக் காவல் இருப்பது.
தொட்டிக்கு அடியில் விசிறி ஓடும்.
மணிக்கொரு தரம் ஒரு பிடி அள்ளி
காம்பை வளைத்துப் பார்க்க வேண்டும்.
ஒடிந்தால் இன்னும் நேரம் இருக்கிறது,
இன்னும் இரண்டு அத்தியாயம் இருக்கிறது.

இப்படித்தான் முடித்தேன்
வக்கீல் குமாஸ்தா அரியநாயகம் துப்பறியும்
நாற்பத்து நான்கு நாவல்களையும்.
மூன்று மழைக்காலம் ஆயிற்று.

மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
சம்சுகனியின் பழைய புத்தகக் கடையில்
வரிசை இல்லாமல்தான் கிடைத்தன,
பதினொன்று, முப்பத்தாறு, மூன்று என்று.
முப்பத்தாறில் மகளைக் கட்டிக்கொடுத்தவருக்கு
மூன்றில் பெண் பார்த்தார்கள்.
இருபதில் செத்துப்போன தட்டெழுத்துக்காரி
ஒன்பதில் வந்து
ரிப்பனை மாற்றியபடி எதற்கோ சிரித்தாள்.
பத்தொன்பதுக்கு மட்டும் ஈரோடு வரை போனேன்,
பல் டாக்டரைப் பார்க்கப் போவதாக
வீட்டில் சொல்லிவிட்டு.

ஈரோட்டுப் பிரதி நீங்கலாக
எல்லாம் ஒரே ஆள் எடைக்குப் போட்டவை.
முதல் பக்கத்தில் ஊதா மை:
எம்.எஸ்.கே., கட்டபெட்டு.
யார்மேல் சந்தேகமோ
அவர் பெயருக்கு அடியில் பென்சில் கோடு.
நாற்பத்திரண்டு புத்தகம், நாற்பத்திரண்டும் தப்பு.
சமையல்காரர் என்றார், ஊமைத் தம்பி என்றார்,
ஒருமுறை, செத்தவரையே.
முதலில் கொஞ்ச நாள் அவரை நம்பி
அவரோடு சேர்ந்து நானும் தோற்றேன்.
பிறகு வழி தெரிந்துகொண்டேன்:
எம்.எஸ்.கே. கோடு போட்டால் அந்த ஆள் நிரபராதி.

அரியநாயகத்திடம் எனக்கு ஒரே மனத்தாங்கல்.
ஒரு புத்தகத்திலாவது
டீயை அவர் முழுதாகக் குடித்ததில்லை.
இரண்டு வாய் உறிஞ்சுவார்,
எதிர்ச்சுவரைப் பார்ப்பார், புரிந்துவிடும்,
குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.
ஒரு கிலோ தூளுக்கு
நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து, ஐயா,
என்று எத்தனை ராத்திரி
அந்தப் பக்கங்களிடம் சொல்லியிருப்பேன்.

நேற்று, மூன்று மணி.
குஞ்சப்பனைப் பக்கமிருந்து மஞ்சு ஏறி வந்து
ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்திருந்தது.
கடைசிப் பக்கம்.
கொன்றது நில அளவையர்.

அறுபத்தொன்றாம் பக்கத்தில்
அவர் பெயருக்கு அடியில் கோடு இருந்தது.
இருந்ததால்தான் அவரை விட்டுவிட்டேன்.

அதற்குமேல் கோடு கிடையாது.
ஓரம் வெட்டுப்படாத தாள்கள்
அறுபத்திரண்டிலிருந்து ஒட்டிக்கொண்டே கிடந்தன.
பிளேடு வைத்துப் பிரித்தவன் நான்.

வாழ்நாளில் ஒரு தடவை சரியாகச் சொல்லிவிட்டு
அது தெரியாமலே எங்கே போனார் மனிதர்?
கட்டபெட்டில் இறங்கிக் கேட்கலாம்.
என்ன விஷயமா என்பார்கள்.
கொலைகாரனை நீங்கள் பிடித்துவிட்டீர்கள் என்று
சொல்ல வந்தேன் என்பதா?

பின்னட்டையில் கட்டம் போட்டு
'அடுத்த மாதம்: பாதி எரிந்த பத்திரம்.'
அந்த மாதம் வரவேயில்லை.
ஏன் என்று சம்சுகனிக்குத் தெரியாது.
எழுதியவருக்கே தெரிந்திருக்காது,
தெரிந்திருந்தால்
கொட்டுகிற மழையில், பல்லாவரம் ஸ்டேஷனில்,
மிச்சச் சில்லறைக்குக் கை நீட்டியபடி
அரியநாயகத்தை நிற்க விட்டிருப்பாரா?

ஐந்தரைக்கு அடுப்பறையிலிருந்து போஜன் வந்தார்,
புருவத்தில் விறகுச் சாம்பல்.
தினமும் கேட்பதுதான்:
"யாரு செஞ்சது?"

"இன்னும் முடிக்கல."

மேசையைப் பார்த்தார்.
என் கிளாஸைப் பார்த்தார்,
பாதி டீ, மேலே ஆடை.
எதிர்ச்சுவரை ஒரு நிமிஷம் பார்த்தார்.
"சரி," என்றார், "நாளைக்குச் சொல்லு."

மூன்றாம் தொட்டிக் கொழுந்து
அதற்குள் ரொம்பவே வாடிப் போயிருந்தது.