துணிக்குக் கீழே

மினோட் நகருக்கு வடக்கே கோதுமை வயலில்
ஒரு கம்பி வேலி. உள்ளே ஒரு கான்கிரீட் மூடி.
அறுவடை இயந்திரம் அதைச் சுற்றி வளைந்து போகும்,
வயலில் கிடக்கும் பாறையைச் சுற்றிப் போவது போல.
நாற்பது வருடமாக அப்படித்தான்.
உழவுச் சால்களும் அங்கே வளையப் பழகிவிட்டன.

மார்லிஸ் ட்வீட்டுக்கு வேலை விருந்தோம்பல்.
அதாவது, எதிரி வந்தால் கூடவே நடப்பது.
கழிப்பறை வாசல் வரைக்கும்.

இந்த முறை எதிரி பத்துப் பேர்.
இஷெவ்ஸ்கிலிருந்து வந்த இல்தார் சாஃபின்
அளவு நாடாவை யாரிடமும் கொடுக்க மாட்டார்.
மார்லிஸ் தன் நாடாவை அதன் பக்கத்தில் நீட்டி
இரண்டும் ஒரே சென்டிமீட்டர்தானா என்று பார்ப்பாள்.
ஒப்பந்தத்தில் அதற்கும் ஒரு பக்கம் இருந்தது.

கொட்டகையில் ஏவுகணையின் மூக்கு.
மேலே வெள்ளைப் போர்வை.
போர்வைக்குள் போர் என்பது எல்லோருக்கும் தெரியும்,
வடிவம் மட்டும் தெரியக் கூடாது.
துணியில் எழும்பி நின்றன மேடுகள்,
தூங்கும் பிள்ளைகளின் முழங்கால்கள் போல.
இல்தார் விரல் நீட்டாமல் எண்ணினார்.
மூன்று.
மூன்று, என்றாள் மார்லிஸ்.
படிவத்திலும் மூன்று.
கையெழுத்து காயும் வரைக்கும்
இரண்டு தேசங்களுக்கு ஒரே எண்ணம்.

அன்று மாலை வால்மார்ட்.
சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்பு நூலை எடுத்தார்,
இரண்டு முனையிலும் முடிச்சு.
மகளின் பாதம், என்றார். லைசான். பனிக்காலணி வேண்டும்.
மார்லிஸ் நூலைக் காலணிக்குள் விட்டு
கட்டைவிரலால் முடிச்சைத் தேடினாள்.
நூல் நனைந்து சுருங்கியதா,
இழுத்தால் நீளுமா,
அது உண்மையிலேயே ஒரு சிறுமியின் பாதம்தானா,
யாரும் கேட்கவில்லை.
நீல நிறம். இருபத்து நாலு டாலர்.

அடுத்த முறை வந்தபோது
தொலைக்காட்சியில் போலந்து ஓடிக்கொண்டிருந்தது.
வெறும் கேடயம், என்றார் டை கட்டியவர்.
சாப்பாட்டு மேசையில் இல்தார் கேட்டார்:
யாருக்கு எதிராக?
உங்களுக்கு இல்லை.
பிறகு ஏன் எங்கள் வாசலில்?
கேடயத்தைப் பார்த்து ஏன் பயம்?
கேடயம் தூக்குகிறவன் வாளைக் கீழே போடவில்லையே.
அவளிடம் அச்சடித்துக் கொடுத்த பதில் ஒன்று இருந்தது.
அதைச் சொன்னாள்.
அவரிடமும் ஒன்று இருந்தது.
சூப்பின் மேல் ஏடு படிந்தது.

மறுநாள் கொட்டகையில் அதே மூன்றுதான்.
ஆனால் அவர் இரண்டு தடவை எண்ணினார்.
அவள் அதைக் கவனித்ததை
அவர் கவனித்தார்.

விமானத்துக்குப் போகும் வழியில் மட்டும்
ஒரு பச்சை நூலும் நாலாய் மடித்த நோட்டும்.
அடுத்த குளிருக்கு.
ஒரு விரல் கூடுதலாகவே வெட்டியிருக்கிறேன்,
வளர்ந்துவிடுவாள்.

ஒப்பந்தம் ஒரு டிசம்பரில் முடிந்தது.
புதியது வரும் என்றார்கள். வந்தது.
இல்தார் வரவில்லை.
பிறகு புதியதும் பழையதாகி
அதுவும் முடிந்தது.

மார்லிஸ் ஓய்வு பெற்றுவிட்டாள்.
கடைக்குப் போகும் சாலை வேலியைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது.
உள்ளே எத்தனை என்று
இஷெவ்ஸ்கில் யாரோ இப்போது ஊகித்துக்கொண்டிருப்பார்.
அங்கே எத்தனை என்று இங்கேயும் யாரோ.
ஊகம் ஒருபோதும் குறைத்து எண்ணாது.

கராஜில் ஒரு பெட்டி, நீல நிறமே கிடைத்தது.
அவர் தந்த நோட்டுக்கு மேல் ஆறு டாலர் போட்டாள்.
மேசை இழுப்பறையில், தீர்ந்த பேட்டரிகளுக்கு நடுவே
பச்சை நூல். அதே நீளம்.
லைசானுக்கு இருபத்தைந்து தாண்டியிருக்கும்.
சரிபார்க்க வழியில்லை.