நாலரை அங்குலம்

மழை விட்டுக் கால்மணி நேரம்.
பஞ்சிகாவத்தை ஒழுங்கையில் கான் நிரம்பி
எண்ணெய் மிதந்துகொண்டிருந்தது.
ஏலத்தில் எடுத்த லொறி
பின்பக்கமாய் உள்ளே வந்தது.
கேற்றின் குறுக்கு இரும்புக்கும் லொறிக் கூரைக்கும் இடையில்
மூன்று அங்குலம் மிச்சம்.
பச்சைக்கு மேல் அவசரமாய் நீலம் பூசியிருந்தார்கள்.
கதவில் பழைய இலக்கம்
அம்மைத் தழும்புபோல் தடித்துத் தெரிந்தது.

ராஜித, குருநாகல் பக்கம், கல் குவாரி.
பெரிய சில்லு வேணும் என்றார்,
கைகள் இரண்டையும் விரித்து,
தப்பிப்போன மீனைக் காட்டுகிறவர் மாதிரி.

பில் எழுதுவது நான். கணக்கும் நான்தான்.
பழைய சில்லு நாற்பது அங்குல உயரம்.
புதுசு நாற்பத்தொன்பது.
அச்சு நாலரை அங்குலம் எழும்பும்.
பின்னால் இனிச் சோடி சரிவராது,
ஒன்றையொன்று உரசும், ஒற்றையாய்த்தான் போடவேணும்.
ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால்
முன்சில்லு மட்காட்டைத் தின்னும்.
பிரேக் பிடிக்கச் சுணங்கும்.
ஏற்றத்தில் ஒரு கியர் இறக்கித்தான் ஏறலாம்.
எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னேன்.
உயரத்தைச் சொன்னபோது மட்டும் தலையாட்டினார்.

ஃபஸ்மில் நானா மட்காட்டை அறுத்தார்.
பழைய டயர் ரிம்மோடு துருவாய் ஒட்டிக்கிடந்தது.
சப்ரான் அரை மணித்தியாலம் சுத்தியலால் அடித்தான்,
ஏறி நின்று மிதித்தான், ஏசினான்.
"வெள்ளத்தில, கொலன்னாவையில,
எங்கட உம்மாவ ஏத்தினதும் இப்படி ஒண்டுதான்"
என்று நானா பொனற்றைத் தட்டிக்கொடுத்தார்.
"காஸ் சிலிண்டர விடமாட்டன் எண்டு
கட்டிப்பிடிச்சிட்டே ஏறினா."

ஜக்கை எடுக்கப் பின்தட்டைத் திறக்கவேண்டியிருந்தது.
சப்ரான் கொக்கியைத் தேடித் தடவினான்.
நான் போய்,
கீழிருந்து மேலே தள்ளி, இடப்பக்கம் இழுத்தேன்.
திறந்தது.
"எப்பிடி அக்கா?" என்றான்.
பில் புத்தகத்தை மேசையில் விட்டுவிட்டேன் என்று
திரும்பி நடந்தேன்.

புதுச் சில்லை இரும்புக் கூட்டுக்குள் உருட்டி
காற்று ஏற்றினார்கள்.
பூட்டு வளையம் சரியாய்க் குந்தாவிட்டால் பறக்கும்,
தலை போகும்.
எல்லோரும் சுவரோரம் ஒதுங்கினோம்.
இருபது. முப்பது. கம்பிரசர் இரைந்தது.
ஐம்பது தாண்ட
டக்கென்று ஒரு வெடி.
வளையம் குந்திவிட்டது, அவ்வளவுதான்.
ராஜித குனிந்திருந்தார்.
ஒரு கை தலைக்கு மேல், மறு கை நிலத்தில்,
பழகிய குனிவு.
நானும் குனிந்திருந்தேன்.
அந்த உயரத்தில், லொறிக்கு அடியால்,
ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
சப்ரானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.
சத்தங்கள் ஓய்ந்த பிறகு பிறந்தவன்.

எழும்பிக் காற்சட்டையைத் தட்டிக்கொண்டு
மீட்டர் என்னாகும் என்று கேட்டார்.
இனி நூறு கிலோமீட்டர் ஓடினால்
எண்பத்திரண்டு என்றுதான் காட்டும், என்றேன்.
திருத்துவதற்கு வேறு பல்சக்கரம், எட்டாயிரம் ரூபா.
"இருக்கட்டும் மிஸ்.
விற்கும்போது குறைவாய் இருந்தால் நல்லதுதானே."
மீட்டரில் நின்ற எண்ணை பில்லில் எழுதினேன்:
அறுபத்தோராயிரத்து இருநூற்றேழு.
அது சின்னச் சில்லில் ஓடிய தூரம்.
அதில் கணக்குப் பிழை இல்லை.

பொழுதுபட்டு லொறியைக் கிளப்பினால்
கேற்றுக்குள்ளால் போகவில்லை.
ஒன்றரை அங்குலம் இடித்தது.
காலையிலேயே எழுதிவைத்திருந்தேன், நாலரை என்று.
வந்த மூன்றைக் கழித்துப் பார்க்க
எனக்கும் தோன்றவில்லை, யாருக்கும் தோன்றவில்லை.
நானா தலையில் கைவைத்தார்.
பின்னால் ஆட்டோக்கள் ஹோர்ன் அடித்தன,
மாளிகாவத்தை வரைக்கும் கேட்டிருக்கும்.

கடைசியில் சப்ரான்தான் ஒவ்வொரு வால்வாய் அழுத்தினான்.
பின்னேரம் முழுக்க ஏற்றிய காற்று
சீறிக்கொண்டு வெளியே போனது.
லொறி மெல்ல மெல்லத் தணிந்தது.
"ஹரி, ஹரி" என்று ராஜித கையசைக்க,
கூரை இரும்பில் உரசி
நீலம் ஒரு கீற்றாய் உரிந்து
பச்சை தெரிய
வெளியே போனது.