நான்கால் வகுத்த மீதி

முதல் செலவு நாற்காலிகள்.
கைப்பிடி இல்லாதவை நான்கு,
மூடிய பள்ளியொன்றின் ஏலத்தில் எடுத்தோம்.
ஒன்றுக்குக் கால் குட்டை.
அதில் யார் உட்காருவது என்று பேசியதுதான்
எங்கள் முதல் கூட்டம்.

வல்பரைசோவில் எல்லா முகவரியும் மேடுதான்.
மலையேறும் மரப்பெட்டியில்
செல்லோவுக்கும் சீட்டு வாங்கச் சொன்னார் காவலாளி.
ஹிமெனா வாங்கினாள்.
சீட்டை அதன் உறைக் கழுத்தில் செருகிவிட்டு
ஜன்னலோரம் இடம் கேட்டாள் அதற்கு.

நான் வயோலா.
செவ்வாயும் வியாழனும் பிள்ளைகளுக்கு வகுப்பு,
சனிக்கிழமை கல்யாணம்.
அதே நான்கு மெட்டு;
மணப்பெண் தாமதமானால் மறுபடி முதலிலிருந்து.
பெரிய ஆர்க்கெஸ்ட்ராவில் யாருக்காவது காய்ச்சல் வந்தால்
எனக்கு ஒரு மாத வாடகை.
வயோலா வராவிட்டால் யாரும் கேட்பதில்லை.
வந்தாலும் கேட்பதில்லை.
அதற்காகத்தான் நால்வர் போதுமென்று தோன்றியது:
நாலு பேரில் ஒருத்தியை
எவ்வளவு நேரம்தான் கேட்காமல் இருப்பார்கள்.

நகராட்சிப் படிவம் கேட்டது:
குழுவின் பெயர்? பின்னர் எழுதுகிறோம்.
நோக்கம்? ஹிமெனா சிரித்தாள்.
நட்டத்துக்குப் பொறுப்பாளர்?
மூன்று பேரும் என் பேனாவையே பார்த்தார்கள்.

ரொசாமெலின் மைத்துனர் பல் மருத்துவர்.
எட்டு மணிக்குமேல் அவர் காத்திருப்பு அறை எங்களுக்கு.
கிராம்பு வாசனை,
சிரிக்கும் பற்களின் படம்,
மூலையில் ஒரு மீன்தொட்டி.
அதன் மோட்டார் ஓயாமல் ஒரு சுருதி பிடித்தது,
எங்கள் சுருதிக்கு ஒரு நூல் கீழே.
நிறுத்தினால் மீன் செத்துவிடும்.
மூன்று வாரம் சண்டை போட்டோம் அதனோடு.
நான்காவது வாரம்
யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்
முருக்காணியைத் தளர்த்தினோம்.

முதல் கச்சேரி மேட்டுத் தேவாலயத்தில்.
பத்தொன்பது பேர், ஒரு தெருநாய்.
மெதுவான பகுதி வந்ததும் நாய் எழுந்து போனது.
முன்வரிசையில் பியானோ திருத்துபவர் ஒருவர்
முடிந்தபின் கிட்டே வந்து சொன்னார்:
நால்வரும் ஒரு நூல் கீழே.
சற்று யோசித்து,
ஆனால் ஒரே நூல், என்றார்.

தொப்பியில் நாற்பத்தோராயிரத்து எழுநூற்றைம்பது.
ஆளுக்குப் பத்தாயிரத்து நானூற்று முப்பது,
மிச்சம் முப்பது பேசோ.
காப்பித்தூள் டப்பாவில் போட்டு
'தந்தி நிதி' என்று எழுதி ஒட்டினோம்.
இப்படி ஆயிரம் தடவை மிஞ்சினால்
ஒரு தந்தி வாங்கலாம்.

ஆகஸ்டில் ஓர் ஒத்திகை,
நாற்பதாவது தாளத்துக்கு அருகே
எலியாசர் வில்லைத் தாழ்த்தினான்.
உல்லாசக் கப்பலில் எட்டு மாதம்;
கையெழுத்துப் போட்டாயிற்று.
சாப்பாடு, அறை, டாலர்.
ரொசாமெல் பென்சிலை இரண்டாக ஒடித்தான்.
ஹிமெனா, சட்டை இஸ்திரி போட்டுத் தருவார்களா, என்றாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அதே வேலைக்கு மார்ச்சில் நானும் எழுதியிருந்தேன்,
பதில் வரவில்லை.

கப்பல் போன இரவு
ஜன்னலுக்கு வெளியே ஒரு மாடிக்கட்டடம் நகர்ந்தது,
எல்லா விளக்கும் எரிய.
மூன்று பேராக உட்கார்ந்து நான்குபேர் மெட்டை வாசித்தோம்.
அவன் பகுதி வரும் இடங்களில்
மோட்டார் மட்டும் கேட்டது.
நான் முதன்முறையாக
அவன் என்ன வாசித்துக்கொண்டிருந்தான் என்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் ஒருத்தி வந்தாள்,
மருந்துக்கடைச் சீருடையோடு. பெயர் தொமித்திலா.
எலியாசரின் குட்டைக்கால் நாற்காலி அவளைச் சாய்த்தது.
படிவத்தின் நகலை நாலாய் மடித்து
அடியில் முட்டுக் கொடுத்தேன்.
அவள் வில்லை எடுத்து, ஒரு தந்தியைத் தொட்டு,
நிறுத்தி,
மூலையைத் திரும்பிப் பார்த்தாள்.
முருக்காணியை ஒரு நூல் இறக்கினாள்.

எங்கள் மூவருக்கும் பேச்சு வரவில்லை.
அவள்தான் கேட்டாள்:
மீனுக்கு யார் தீனி போடுகிறீர்கள்?

அதை நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை.