ஒரு காலின் எடை

டுலூத் நகரத்தில்
சலவைக்கடைக்கும் வருமானவரி ஆபீசுக்கும் நடுவே
எங்கள் கடை.
ஆறு மேசைகள், இடுப்பைக் கட்டிப்போட ஆறு பட்டைகள்,
ஐம்பது நிமிடத்துக்கு எண்பது டாலர்.
படுத்துக்கொள்வது உங்கள் வேலை,
இழுத்துவிடுவது எங்களுடையது.

ஓரின் மாக்கி
மகள் வாங்கித்தந்த கூப்பனோடு வந்தார்.
பனி தள்ளும் வண்டியில் இருபத்தெட்டு குளிர்காலம்.
வலது கால் பெடலிலேயே முளைத்தது போலிருந்தது.
"வீட்டில் துண்டைப் பாதத்தில் மாட்டி
நானே இழுக்கிறேன். அது போதாதா?"
போதும் என்றேன்,
மேனேஜர் காதில் விழாதபடி.

பொய்யில்லை.
துண்டு போதும். கம்பளம் போதும்.
ஹாக்கி ஆட்டத்தின் இடைவேளை தாராளமாகப் போதும்.
ஆனால் துண்டைப் பிடித்த கைக்குத் தெரியும்
கால் எங்கே கத்தும் என்று.
ஒரு விரற்கடை முன்னாலேயே நின்றுவிடும்.
இருபதுக்குப் பிறகு இருபத்தைந்து, உடனே முப்பது.
தன் விரலால் தனக்கே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள
யாரால் முடிந்திருக்கிறது?

என் கைக்கு அது தெரியாது.
தெரியாததால் கேட்கும்:
மூச்சு எங்கே தடுக்கிறது,
மேசை விளிம்பை எந்த விரல் முதலில் பிடிக்கிறது.
கேட்காமல் இழுத்த நாளும் உண்டு.
வேலைக்குச் சேர்ந்த புதிதில்,
ஒரு பியானோ டீச்சர்
படிக்கட்டில் பக்கவாட்டில் இறங்கிப் போனாள்.
அவளும் எண்பது டாலர் கொடுத்தாள்.

ஓரினின் குதிகாலைத் தோளில் ஏந்திக்கொண்டு
கொடுங்கள் என்றேன்.
கொடுத்துவிட்டேன் என்றார்.
இல்லை, எடை வரவில்லை.
பதினைந்து கிலோவாவது இருக்கவேண்டிய கால்
ரசீதுத் தாள் மாதிரி என்மேல் கிடக்கிறது.
சொல்லாமல் விலகி நின்றேன்.
கால் அந்தரத்திலேயே நின்றது.
யாரோ மறந்துவைத்துப் போன சாமானைப் பார்ப்பதுபோல்
அதை அவர் பார்த்தார்.
"ஏரியோரச் சாலையில் இது ஒரு நொடி தூங்கினால்
காலையில் என்னைச் சுப்பீரியருக்குள் தேடவேண்டும்" என்றார்.

உதவாதீர்கள் என்பேன் ஒவ்வொரு வாரமும்.
உதவாமல் இருப்பதற்கு
அவருக்கு எத்தனை தசை தேவைப்பட்டது!
மூன்றாவது வியாழக்கிழமை,
கூரைப் பனி மொத்தமாகச் சரிந்து இறங்குமே, அப்படி
முழுக் காலும் என் தோளுக்கு வந்தது.
ஓரடி பின்வாங்கி நின்றேன்.
குறட்டை விட்டார்.
நான் எண்ண மறந்தேன்.
வெளியே அடுத்த ஆள் பத்து நிமிடம்
பழைய பத்திரிகை புரட்டினாள்.

சனிக்கிழமைகளில் கடை மூடியபின்
ஒருவரை ஒருவர் இழுத்துவிடுவோம், காசில்லாமல்.
லவோன் என் குதிகாலைப் பிடித்து
கொடு என்றாள்.
கொடுத்துவிட்டேன் என்றேன்.
அவள் ஒன்றும் சொல்லாமல்
கோட்டை மாட்டிக்கொள்ளப் போய்விட்டாள்.

கூப்பன் ஆறு தடவைக்குத்தான்.
ஏழாவது வியாழன் ஓரின் வரவில்லை.
துண்டு இருக்கிறதே.

பிப்ரவரி. விடியாத ஐந்து மணி.
சமையல் மேடையில் காலைத் தூக்கி வைத்து
குளியல் அங்கியின் நாடாவால்
என்னை நானே இழுத்துக்கொண்டிருக்கிறேன்.
தெருவில் மஞ்சள் விளக்கு சுழலச் சுழல
பனி தள்ளும் வண்டி நிற்கிறது.
இறங்கியவர் படியில் குதிகாலை வைத்துக் குனிகிறார்.
அவர்தானா, தெரியவில்லை.
எல்லா ஓட்டுநருக்கும் அதே ஆரஞ்சு மேலங்கி.
வாயிலிருந்து புகை புகையாக எண்கள்.
நானும் கூடவே எண்ணினேன்.
இருபத்தாறில் இறக்கிவிட்டார்.

ஜன்னலைத் தட்டி
இன்னும் நாலு பாக்கி என்று சொல்லியிருக்கலாம்.
குனிந்து பார்த்தால்
என் கால் எப்போதோ தரையில்.